சென்று மீள்வதே வீரம்

ஆட்டக்காரர் பலரை நாம் கண்டு களிக்கிறோம்; சிலரைப் போற்றுகிறோம்; ஒருவர் இருவரை மட்டுமே நெஞ்சில் குடியமர்த்திக் கொள்கிறோம். அவ்வாறு என் நெஞ்சில் குடியேறியவர் கபடி வீரர் மணத்தி கணேசன் அவர்கள். அவரது சிறப்பையும், அவர் ஆடிய ஆட்டம் நம்போன்று ஊர்விட்டு வந்து வாழும் குடும்பங்களுக்கு உணர்த்தும் உண்மையையும் அன்பர்கள் முன் வைக்க விழைகிறேன்.

தூத்துக்குடி மாவட்டத்தைச் சேர்ந்த சிற்றூர் மணத்தி. அங்கே உழவுக் குடும்பத்தில் பிறந்த கணேசன், 1994ஆம் ஆண்டு ஜப்பானின் ஹிரோஷிமா நகரில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் இடம்பெற்றார். அடுத்த ஆண்டுக்குரிய அர்ஜுனா விருதும் அவரைத் தேடி வந்தது. அவர் ஹிரோஷிமாவில் ஆடியபோது நான் சிறு பிள்ளை. அவ்வாட்டத்தை என் கண்ணால் கண்டேனல்லேன். பெரியோர் வாய்மொழியாகவே அவர் புகழ் என்னை வந்தடைந்தது. 2025 அக்டோபரில், அவரது வாழ்க்கையைத் தழுவி மாரி செல்வராஜ் இயக்கத்தில் 'பைசன் காளமாடன்' என்னும் திரைப்படம் வெளிவந்த பின்னரோ, அப்பெயரை அறியாத தமிழ் இளைஞர் அரியர் ஆயினர்.

அமெரிக்க நாட்டினர் 'ஃபுட்பால்' என அழைக்கும் ஆட்டம் ஒன்று உண்டு. அதில் பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு, மறித்து வீழ்த்த வரும் பதினொரு பேரையும் பிளந்து ஓடுபவரை 'ரன்னிங் பேக்' என்பர். சிகாகோ பேர்ஸ் அணிக்காக 1975 முதல் 1987 வரை ஆடிய வால்டர் பேட்டன், இவ்வாறு ஓடியே மொத்தம் 16,726 கஜ தூரம் கடந்தார். விழுவது உறுதி என்று தெரிந்த நொடியிலும் இன்னும் ஓரடி முன்னேறியே விழுவார் என்று அந்நாட்டினர் அவரை இன்றும் போற்றுகின்றனர். எதிரிகளிடையே தனியொருவராய்ப் புகும் இத்துணிவிற்கு நம்மிடையே நேர் காட்டுவதாயின், கபடியில் பாடிச் செல்பவரையே காட்ட வேண்டும்.

எனினும் இவ்விரண்டிற்கும் இடையே பெரியதொரு வேறுபாடு உண்டு. அமெரிக்க வீரர் முன்னேறிய தூரம் முழுவதும் அவர் கணக்கில் சேர்ந்துவிடும். அவர் திரும்பி வரவேண்டியதில்லை. கபடியிலோ, எதிரணியின் எழுவரில் எத்தனை பேரைத் தொட்டாலும், தம் எல்லைக்கு மீளாதவருக்கு அத்தொடுதலால் புள்ளி எதுவும் இல்லை. முப்பது விநாடிக்குள், 'கபடி, கபடி' என்று ஒரே மூச்சில் இடைவிடாது பாடியவாறே, நடுக்கோட்டைத் தாண்டிச் சென்று மீளவேண்டும். மூச்சறுந்தாலும் பாட்டு நின்றாலும் அவர் வெளியேற வேண்டியதே. பலர் மேல் விழுந்து அமுக்கிய நிலையிலும் அவர் விரல் நுனி ஒன்று நடுக்கோட்டைத் தொட்டுவிடுமாயின், அவரைப் பற்றியிருந்த அத்தனை பேரும் ஆட்டமிழப்பர். ஆதலின், பாடிச் செல்பவரின் பெருமை அவர் எவ்வளவு உள்ளே சென்றார் என்பதனால் மட்டும் அளக்கப்படுவதன்று. எவ்வாறு மீண்டார் என்பதாலேயே முடிவு செய்யப்படுகிறது.

மணத்தி கணேசன் அவர்களை நான் போற்றுவதற்குக் காரணமும் இதுவே. அவர் ஆடி வளர்ந்த 1990ஆம் ஆண்டுகளில் தென்மாவட்டங்கள் சாதிப் பகையால் கொந்தளித்துக் கிடந்தன. ஊருக்கு ஊர் ஐயமும் அச்சமும் நிலவிய அக்காலத்தில், சிற்றூர் இளைஞன் ஒருவன் ஆட்டக்களம் தேடி வெளியூர் செல்வதே அரிய செயல். அவர் சென்றார், கடல் கடந்தும் சென்றார், வென்று மீண்டார். புகழ் பெற்ற பின்னும் அவர் பெயருக்கு முன்னே நிற்பது அவருடைய ஊர்ப்பெயரேயன்றி வேறொன்றுமில்லை. நாடறிந்த ஒருவரால் நாடறியாத சிற்றூர் ஒன்று பெயர் பெற்றது.

கபடியில் இன்னொரு நுட்பமும் உண்டு. பிடிப்போர் ஒருவர் கையை ஒருவர் பற்றிச் சங்கிலி போல் நிற்பர். அக்கை எக்குடியிற் பிறந்த கை என்று எண்ணித் தயங்குவோர் அணியில் சங்கிலி அறும்; சங்கிலி அறுந்தால் அணி தோற்கும். பகையால் பிளவுண்டு கிடந்த மண்ணிலிருந்து, கைகோத்தால் அன்றி வெல்லவியலாத ஓர் ஆட்டத்தின் வீரர் தோன்றினார் என்பது எண்ணி எண்ணி மகிழத்தக்கது.

இனி நம் ஹெப்பாளுக்கு வருவோம். தொழிற்பேட்டையை நம்பியும், அலுவலகங்களை நம்பியும், என்போல் ரயில்வேப் பணியை நம்பியும் இங்கே குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பல. நம் பிள்ளைகளின் மாலைப்பொழுதைத் தனிப்பயிற்சி வகுப்பும் கைப்பேசியும் பங்கிட்டுக் கொள்கின்றன. "கபடியா? முழங்கால் தேயும், சட்டை கிழியும், படிப்புக் கெடும்" என்று தாய்மார் கவலைப்படுவதையும் கேட்கிறேன். அக்கவலை நியாயமற்றதென்று கூறேன். ஆயினும் இந்திய ரயில்வே உள்ளிட்ட பொதுத்துறை நிறுவனங்கள் விளையாட்டு ஒதுக்கீட்டில் கபடி வீரர்களைப் பணியில் அமர்த்தி வருவதையும் அவர்கள் மனத்திற் கொள்ளல் வேண்டும்.

வேலை கிடைப்பதைவிடவும் பெரிய பயன் ஒன்று உண்டு. கர்நாடக மண்ணும் கபடி மண்ணே. அர்ஜுனா விருது பெற்ற ஹொன்னப்பாவும் பி. சி. ரமேஷும் இம்மாநிலம் ஈன்ற வீரர்கள். நம் பிள்ளைகளும் கன்னடப் பிள்ளைகளும் ஒரே களத்தில் இறங்கினால் மொழிபெயர்ப்பாளர் எவரும் வேண்டுவதில்லை. இரு மொழியிலும் பாட்டு ஒன்றே. அண்டை வீட்டாரின் கையைப் பற்றிச் சங்கிலியாய் நிற்கக் கற்ற பிள்ளை இவ்வூரில் அயலானாக வளரமாட்டான்.

பெண்மக்களுக்கும் இது பொருந்தும். சென்னை நகரின் பல பகுதிகளினின்றும் பெயர்க்கப்பட்ட ஏழைக் குடும்பங்களின் மறுகுடியமர்வுப் பகுதி கண்ணகி நகர். அங்கே ஆடிப் பழகிய கார்த்திகா, 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடைபெற்ற ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் அணியில் ஆடினார். இடம்பெயர்ந்தோர் வீட்டுப் பிள்ளைக்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு வேண்டுமோ?

நாம் புறக்கணிப்பின் பிறர் கற்றுக்கொள்வர் என்பதும் கண்கூடு. 1990ஆம் ஆண்டு முதல் ஆசியப் போட்டிகளில் தொடர்ந்து ஏழு முறை தங்கம் வென்ற இந்திய ஆண்கள் அணியை, 2018இல் ஈரான் அரையிறுதியில் வீழ்த்தியது. இழந்ததை மீட்க 2023 வரை காத்திருக்க நேர்ந்தது.

ஆடவர் கபடிக்குத் தேவையான களம் பதின்மூன்று மீட்டர் நீளமும் பத்து மீட்டர் அகலமுமே. மட்டையும் வேண்டாம், வலையும் வேண்டாம். கல் பொறுக்கிப் பதமாக்கிய மண்ணும், கோடு போடச் சிறிது சுண்ணாம்பும், பார்த்துக்கொள்ளப் பெரியவர் ஒருவரும் போதும். ஞாயிறு மாலைகளில் இரண்டு மணி நேரம் இதற்கென ஒதுக்கச் சங்க அன்பர்கள் முன்வருவார்களாயின், கோடு போடும் பணியை நான் மகிழ்ச்சியோடு ஏற்பேன். மூச்சடக்கிச் செல்லவும், தொட்டு மீளவும் நம் பிள்ளைகள் பழகட்டும். நாளை அவர்கள் எத்தேயம் சென்றாலும், தம் எல்லைக்கோடு எங்கே இருக்கிறதென்று அவர்கள் கால்கள் மறவா.