ஒரே தெரு, இரண்டு வரி

1988 நவம்பரில் லாஸ் ஏஞ்சலிஸின் பால்ட்வின் ஹில்ஸ் பகுதியில் ஸ்டெஃபனி நார்ட்லிங்கர் என்ற பெண் ஒரு எளிய வீட்டை 1,70,000 டாலருக்கு வாங்கினார். அதுவரை வாடகைக்குக் குடியிருந்தவர். அவர் வீட்டுக்கு கவுண்டி விதித்த சொத்து வரி ஆண்டுக்கு 1,701 டாலர். அதே பகுதியில், ஏறக்குறைய அதே மாதிரி வீட்டில், 1975-இலிருந்தே வசித்துவந்த ஒருவர் கட்டியது 358 டாலர்தான். மலிபு கடற்கரையில் 21 லட்சம் டாலர் பெறுமானமுள்ள வீட்டின் பழைய உரிமையாளருக்கும் நார்ட்லிங்கருக்கும் வரியில் சில டாலர்களே வித்தியாசம்.

நார்ட்லிங்கர் வழக்குத் தொடுத்தார். அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போன அந்த வழக்கில் 1992-இல் எட்டு நீதிபதிகள் அவருக்கு எதிராகவும் ஒருவர் மட்டும் ஆதரவாகவும் தீர்ப்பளித்தார்கள். வாங்கிய தேதியை வைத்து வரி வேறுபடலாம் என்பதே அதன் சாரம். கலிபோர்னியாவில் இன்றும் நடைமுறை அதுதான்.

அமெரிக்க மாநிலங்களின் உட்பிரிவுக்கு கவுண்டி என்று பெயர். நம் மாவட்டம் போன்றது. கலிபோர்னியாவில் 58 கவுண்டிகள் உண்டு. சொத்து வரியை நிர்ணயிப்பதும் வசூலிப்பதும் அவற்றின் வேலை. இதில் மூன்று கைகள் சேர்ந்து இயங்குகின்றன. மதிப்பீட்டாளர் ஒவ்வொரு சொத்துக்கும் மதிப்பு எழுதுகிறார். இவர் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் அதிகாரி. கணக்குத் தணிக்கையாளர் அந்த மதிப்பின் மேல் வரி விகிதத்தைப் போட்டுத் தொகையைக் கணக்கிடுகிறார். வசூல் அதிகாரி சீட்டை அனுப்பிப் பணம் வாங்குகிறார். வரி அதிகம் என்று வசூல் அலுவலகத்தில் போய் முறையிடுவதில் பயனில்லை. அங்கே இருப்பவரால் ஒரு டாலரைக்கூட மாற்ற முடியாது. அந்தத் தொகை பிறந்த இடம் மதிப்பீட்டாளரின் மேசை.

அந்த மேசையில் ஒவ்வொரு மனைக்கும் ஓர் எண் உண்டு. நம்மூர் சர்வே எண்ணை நினைத்துக்கொள்ளலாம். சாண்டா கிளாரா கவுண்டியில் அது மூன்று துண்டாக இருக்கும்: வரைபடப் புத்தகத்தின் எண், அதில் பக்கத்தின் எண், அந்தப் பக்கத்தில் மனையின் எண். வீடு கைமாறினாலும் எண் மனையோடு நிற்கும். வீடு விற்றதும் பத்திரம் கவுண்டிப் பதிவாளரிடம் பதிவாகிறது. அங்கிருந்து தகவல் மதிப்பீட்டாளருக்குப் போகிறது. கட்டட அனுமதிச் சீட்டுகளும் அவரிடம் வந்து சேரும். பழைய கூரையை மாற்றினால் மதிப்பு கூடாது. புதிதாக ஓர் அறை கட்டினால் அந்த அறைக்குரிய மதிப்பு மட்டும் கூடும்.

வாங்கிய தேதியை வைத்து வரி வேறுபடும் ஏற்பாட்டின் வேர் 1978 ஜூன் 6-இல் இருக்கிறது. அன்று கலிபோர்னிய வாக்காளர்கள் 'பதின்மூன்றாம் முன்மொழிவு' என்பதைப் பெரும்பான்மை வாக்கில் நிறைவேற்றினார்கள். ஹோவர்ட் ஜார்விஸ், பால் கான் என்ற இருவர் முன்னின்று நடத்திய இயக்கம் அது. அதற்கு முன் ஒரு கதை உண்டு. அறுபதுகளில் சான் பிரான்சிஸ்கோவின் மதிப்பீட்டாளர் லஞ்சம் வாங்கிக்கொண்டு மதிப்பைக் குறைத்து எழுதியது அம்பலமானது. உடனே சட்டம் வந்தது: எல்லாச் சொத்தையும் சந்தை விலையின் ஒரே விகிதத்தில் மதிப்பிட வேண்டும். நேர்மைக்காக வந்த சட்டம்தான். ஆனால் எழுபதுகளில் வீட்டு விலை ஏற ஏற, வரியும் அதே வேகத்தில் ஏறியது. ஓய்வூதியத்தில் வாழ்ந்த முதியவர்கள் சொந்த வீட்டை இழந்துவிடுவோமோ என்று அஞ்சினார்கள். அந்த அச்சம் நியாயமானது. வாக்குப்பெட்டியில் அதுதான் பேசியது.

புதிய விதி மதிப்பை 1975-ஆம் ஆண்டுக்குப் பின்னோக்கி இழுத்தது. வரி, மதிப்பில் ஒரு விழுக்காடு. மக்கள் வாக்களித்து ஏற்ற கடன் பத்திரங்களுக்கான வரி அதற்கு மேல் சேரும். மதிப்பு ஆண்டுக்கு அதிகபட்சம் இரண்டு விழுக்காடு ஏறலாம். வீடு கைமாறும்போது மட்டும், விற்ற விலை புதிய அடிப்படை மதிப்பாகும்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் விளைவு தெரியும். 1985-இல் 1,50,000 டாலருக்கு வாங்கிய வீட்டின் மதிப்பு, ஆண்டுதோறும் இரண்டு விழுக்காடு ஏறினாலும், நாற்பது ஆண்டில் சுமார் 3,31,000-ஐத்தான் தொடும். அடிப்படை வரி 3,310 டாலர். அடுத்த வீட்டை 2025-இல் 15 லட்சம் டாலருக்கு வாங்கியவருக்கு அதே வரி 15,000. இருவர் பிள்ளைகளும் ஒரே பள்ளிக்குப் போகிறார்கள். ஒரே தீயணைப்பு வண்டிதான் இருவர் வீட்டுக்கும் வரும். முதியவரைக் காத்த விதி, புதிதாகக் குடும்பம் தொடங்குபவரின் தோளில் சுமையை ஏற்றிவிட்டது. 55 வயது கடந்தவர்கள் பழைய மதிப்பைப் புதிய வீட்டுக்கு எடுத்துச் செல்லும் வசதி 2021-இல் விரிவாக்கப்பட்டது. பெற்றோரின் குறைந்த மதிப்பைப் பிள்ளைகள் பெற வேண்டுமானால், அந்த வீட்டிலேயே குடியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அதே ஆண்டு வந்தது.

சிலிக்கான் பள்ளத்தாக்கில் வீடு வாங்கும் தமிழ்க் குடும்பங்கள் பெரும்பாலும் இந்தப் புதியவர் வரிசையில் நிற்பவர்கள். அவர்களைத் திகைக்க வைப்பது 'துணை வரிச் சீட்டு'. பழைய உரிமையாளரின் மதிப்புக்கும் புதிய விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு, வாங்கிய தேதியிலிருந்து கணக்கிட்டுத் தனியாக வரும் சீட்டு அது. வீட்டுக் கடன் கொடுத்த வங்கி மாதத் தவணையோடு வரியையும் பிடித்துக் கட்டிவிடும் என்று நம்பி, பலர் இதைப் பிரிக்காமலே வைத்துவிடுகிறார்கள். வங்கி வழக்கமாகக் கட்டுவது ஆண்டுச் சீட்டை மட்டும்தான்.

ஆண்டு வரிக்கு இரண்டு தவணைகள். முதலாவது நவம்பர் 1-இல் தொடங்கும். டிசம்பர் 10 தாண்டினால் பத்து விழுக்காடு அபராதம். இரண்டாவது பிப்ரவரி 1-இல் தொடங்கி ஏப்ரல் 10 வரை. சீட்டு கைக்கு வரவில்லை என்பது காரணமாக ஏற்கப்படாது. ஜூன் முடிந்தும் பாக்கி நின்றால் மாதம் ஒன்றரை விழுக்காடு ஏறிக்கொண்டே போகும். ஐந்து ஆண்டு கட்டாத வீட்டை ஏலம் விடக் கவுண்டிக்கு அதிகாரம் பிறக்கிறது.

ஏலத்தில் கிடைக்கும் மிச்சம் யாருக்கு? கலிபோர்னியாவில் உரிமையாளர் கேட்டுப் பெறலாம். எல்லா மாநிலங்களிலும் அப்படி இருக்கவில்லை. மினசோட்டாவின் ஹென்னபின் கவுண்டியில் ஜெரால்டின் டைலர் என்ற மூதாட்டியின் அடுக்குமாடி வீட்டுக்கு வரி, வட்டி, அபராதம் சேர்ந்து சுமார் 15,000 டாலர் பாக்கி. கவுண்டி அதை 40,000 டாலருக்கு விற்று மொத்தப் பணத்தையும் வைத்துக்கொண்டது. 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அது தவறு என்றது. அப்போது டைலருக்கு வயது 94.

மீண்டும் கலிபோர்னியாவுக்கு வருவோம். வீட்டு விலை விழும்போது வரி குறைய ஒரு கதவு திறக்கிறது. சந்தை விலை பதிவேட்டு மதிப்புக்குக் கீழே போனால் மதிப்பைத் தற்காலிகமாகக் குறைக்க வேண்டும். 2008-ஐ ஒட்டிய சரிவில் கவுண்டிகள் ஏராளமான வீடுகளின் மதிப்பை இப்படிக் குறைத்தன. விலை மீளும்போது இரண்டு விழுக்காட்டு வரம்பு இதற்குப் பொருந்தாது; பழைய கணக்கு எட்டும் வரை ஒரே ஆண்டில்கூட வேகமாக ஏறலாம்.

மதிப்பீட்டாளரின் பதிவேடு யாரும் பார்க்கக்கூடியது. அது பெரிய உரிமை, பயன்படுத்துவோர் குறைவு. அங்கே வீடு வைத்திருப்பவர்கள் மனை எண்ணைக் கொண்டு கவுண்டியின் தளத்தில் தங்கள் சொத்தின் பரப்பளவு, அறைகள், மதிப்பு எல்லாம் சரியா என்று ஒருமுறை பாருங்கள். சொந்த வீட்டில் குடியிருப்போருக்கு மதிப்பில் 7,000 டாலர் விலக்கு உண்டு. ஆண்டுக்குச் சுமார் 70 டாலர் மிச்சம். அதற்கு ஒருமுறை விண்ணப்பித்தால் போதும். மதிப்பு தவறு என்று தோன்றினால் மேல்முறையீட்டுக் குழுவிடம் மனுக் கொடுக்கலாம். ஆனால் விசாரணை முடியும் வரை காத்திராமல் வரியைக் கட்டிவிட வேண்டும், வென்றால் பணம் திரும்ப வரும். மனுவுக்கான வாசல் ஜூலை 2-இல் திறக்கிறது. சில கவுண்டிகளில் செப்டம்பர் 15-இலும், மற்றவற்றில் நவம்பர் 30-இலும் அது மூடிவிடும்.