தென்னந்தோப்பில் மரங்கொத்திப் பறவை

கடையநல்லூரைச் சுற்றியுள்ள மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்துத் தோப்புகளிலும் வீட்டுப் புழக்கடைகளிலும் மரங்கொத்தி வந்துபோவதைக் குடியானவர்கள் அறிவார்கள். அது தென்னையைக் கொத்திக் கெடுக்கிறதென்று எண்ணிக் கல்லெறிந்து துரத்துவோரும் உளர். இவ்வெண்ணம் சரியன்று.

இங்கு மிகுதியாய்க் காணப்படுவது பொன்முதுகு மரங்கொத்தி. சுமார் 11 அங்குல நீளமுள்ளது. ஆணுக்கு உச்சி முழுவதும் சிவப்பு. பெண்ணுக்கு முன்னுச்சி வெண்புள்ளியிட்ட கறுப்பு, கொண்டை மட்டுமே சிவப்பு. விறைத்த வாலை மரத்தில் ஊன்றி, அலகால் தட்டி, நீண்ட நாவினால் எறும்புகளையும் பட்டைக்குள்ளிருக்கும் வண்டுப் புழுக்களையும் இழுத்துத் தின்னும். மரம் அதற்கு ஆகாரமன்று.

ஆகையால் அது கொத்துமிடத்தைக் கவனித்தல் நலம். எறும்புக்காகவும் கொத்துமாதலால், கொத்திய மரமெல்லாம் நோயுற்றதென்று கொள்ளலாகாது. ஆயினும் ஒரே தென்னையில் ஒரே இடத்தை நாள்தோறும் நாடுமாயின், அம்மரத்தைச் சோதித்துப் பார்க்க வேண்டும். தண்டில் சிறு துளைகள், அவற்றினின்று வடியும் பழுப்புநிறச் சாறு, வெளித்தள்ளிய நார்ச்சக்கை, உள்மட்டைகள் மஞ்சளித்தல் ஆகியவை சிவப்புக் கூன்வண்டின் அடையாளங்கள். காதை வைத்துக் கேட்டால் புழுக்கள் கடிக்கும் ஓசையும் கேட்கக்கூடும். 20 வயதுக்குட்பட்ட மரங்களே பெரிதும் இதற்கு இரையாகின்றன. குருத்துச் சாய்ந்தபின் மரம் பிழைப்பது அரிது.

பறவை மட்டும் தோப்பைக் காத்துவிடாது. தண்டில் காயம் உண்டாக்கலாகாது. உண்டான காயத்திற்குத் தார் பூசவேண்டும். பச்சை மட்டையை வெட்ட நேர்ந்தால் தண்டினின்று 4 அடி விட்டே வெட்டவேண்டும். பட்ட தென்னையைப் பறவைக்கென்று நிறுத்திவைத்தல் தவறு. அது வண்டுகளுக்கு உறைவிடமாகும். உடனே வெட்டிப் பிளந்து எரித்துவிட வேண்டும்.

மேனாடுகளில் குளிர்காலத்தில் மரங்கொத்திக்குக் கொழுப்புக் கட்டியைத் தொங்கவிடுவார்கள். நமது வெயிலில் அது உருகிக் கெடும். இங்கு அது தேவையுமில்லை. புழக்கடை முருங்கையிலோ வேம்பிலோ ஆபத்தில்லாத உலர்ந்த கிளை ஒன்றை விட்டுவைத்து, அகன்ற சட்டியில் தண்ணீர் வைத்தால் போதும். மாசி முதல் ஆனி வரை பொந்தில் குஞ்சு பொரிக்குமாதலால், அக்காலத்தில் பொந்துள்ள கிளையை வெட்டாதிருத்தல் வேண்டும்.

இப்பறவையைக் கொல்லுதல் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். கிராம அதிகாரிகள் இதனை ஊராருக்கு எடுத்துரைப்பார்களாக. மரங்கொத்தியின்மேல் எறியக் கல்லை எடுக்குமுன் அது தட்டிய மரத்தை ஒருமுறை பார்ப்பவர், மரத்தையும் காத்துக்கொள்வார்.