பிரேசில் பலகையும் ஐப்பசி ஈரமும்

பெரம்பலூரில் வீடு கட்டிவரும் வாசகர் ஒருவர், கூடத்துத் தரைக்குப் 'பிரேசிலியன் செர்ரி' என்னும் இறக்குமதிப் பலகையைப் பதிக்க எண்ணியிருப்பதாகவும், நூறு வருஷமானாலும் அது அசையாது என்று கடைக்காரர் சத்தியம் செய்வதாகவும், இதற்கு விஞ்ஞானம் என்ன சொல்கிறதென்றும் கேட்டு எழுதியிருக்கிறார். முதற்கண் அது செர்ரியே அன்று. ஜடோபா என்பது அதன் பெயர். தாவர சாஸ்திரப்படி நம் சாலையோரப் புளியமரத்துக்குத் தாயாதி. அந்த உறவைச் சொல்லி விற்றால் அந்த விலை கிடைக்காது.

மரம் கடினமானதுதான், ஆனால் கடினம் வேறு, அசையாமை வேறு. மரத்தின் நார்ச்சுவரில் செல்லுலோஸ் இழைகள் பெரும்பாலும் தண்டின் நெடுக்கே அடுக்கியிருக்க, காற்றிலுள்ள நீர் மூலக்கூறுகள் அவற்றின் நடுவே புகுந்து ஒட்டிக்கொள்வது, கல்யாணப் பந்தியில் இலை போட்டபின் வந்துசேரும் உறவினர் "கொஞ்சம் தள்ளி உட்காருங்க" என்று இடையிடையே இடுக்கிக்கொள்வதை ஒத்தது. வரிசை நீளுமேயன்றி உட்கார்ந்தவர் எவரும் உயரமாகிவிடுவதில்லை. பலகையும் அவ்விதமே அகலத்தில் பருக்கும், நீளத்தில் அநேகமாக மாறாது. உலர்ந்த எடையில் சுமார் 30 சதவீதம் ஈரம் சேர்ந்ததும் பந்தி நிறைந்துவிடும். அப்புறம் வருகிறவர்கள் முற்றத்தில், அதாவது நார்க்குழலின் உள்வெளியில், நிற்கவேண்டியதுதான். வரிசை அதற்குமேல் நீளாது. கலையும்போது முற்றத்தார் முதலில் போவார்கள்; பந்தி சுருங்குவது அதற்குப் பின்புதான். (பாயசத்துக்கும் இந்த உபமானத்தில் இடம் தேடிப் பார்த்தேன், அகப்படவில்லை.)

பச்சை மரம் முற்றும் உலர்கையில், ஆண்டு வளையத்தின் போக்கில் ஜடோபா 8.5 சதவீதமும் தேக்கு 5.8 சதவீதமும் சுருங்குகின்றன. 12 செ.மீ. அகலப் பலகையில் ஈரம் 5 சதவீதம் ஏறினால் ஜடோபா ஏறக்குறைய 1.7 மி.மீ. பருக்கும், முப்பது பலகை சேர்ந்தால் ஐந்து சென்டிமீட்டர். சித்திரையில் கை நுழையுமளவு வெடித்து, ஐப்பசி மழையில் மூடிக்கொள்ளும் கரிசல் நிலத்தைப் பார்த்து வளர்ந்தவருக்கு இது விளங்காமற் போகாது.

அப்படியானால் குறைவாய்ச் சுருங்கும் தேக்கையே போடலாமே என்பார்க்குச் சரித்திரத்திலிருந்து ஒரு வாக்கியம் போதும்: செட்டிநாட்டு மாளிகைகளுக்குப் பர்மாத் தேக்கு கப்பலேறி வந்தது, அறுக்காத மரத்தின் ஏற்றுமதியை மியான்மர் 2014 ஏப்ரலில் தடைசெய்துவிட்டது.

அசையாத மரமே வேண்டுமென்றால், அது இவர் மாவட்டத்துச் சாத்தனூரிலேயே கிடக்கிறது. கிரெட்டேஷியஸ் யுகத்துக் கடலில் புதைந்து, நாருக்குப் பதில் சிலிகா குடியேறிக் கல்லாகிப்போன, சுமார் 18 மீட்டர் நீளமுள்ள அம்மரத்தை 1940-ல் நிலவியல் அறிஞர் எம். எஸ். கிருஷ்ணன் உலகுக்கு அறிவித்தார். அந்தப் பந்தியில் இடுக்கிக்கொள்ள எவருக்கும் இடமில்லை.

ஜடோபாவேதான் என்று பிடிவாதமாக நின்றால், வளையங்கள் பலகையின் முகத்துக்குச் செங்குத்தாக நிற்கும்படி அறுத்ததாய்ப் பார்த்து வாங்கி, அதே கூடத்தில் சில வாரம் காற்றாட அடுக்கிவைத்துவிட்டு, சுவரோரம் அரை அங்குலமாவது இடைவெளி விட்டுப் பதிக்கச் சொல்லட்டும். அசையாத பலகைக்கு இடைவெளி எதற்கென்று கடைக்காரரைக் கேட்கலாம். அதை மறைக்கும் ஸ்கர்ட்டிங் கட்டைக்கு அவர் தனியே விலை சொல்லுவார்.