டியூலிப் மலரும் டச்சு மொழியும்: திரையில் அமெரிக்க நடுமேற்குச் சிற்றூர்கள்

அமெரிக்காவின் நடுமேற்கு மாநிலங்களில் நெதர்லாந்திலிருந்து குடியேறியோர் அமைத்த ஊர்கள் பல உள்ளன. மிச்சிகனில் ஹாலந்து, அயோவாவில் பெல்லா ஆகிய இரண்டும் 1847ஆம் ஆண்டு தோன்றியவை. சமயப் போதகர்களான ஆல்பர்ட்டஸ் வான் ரால்ட்டேயும் ஹென்ட்ரிக் ஸ்கோல்ட்டேயும் முறையே அவற்றை நிறுவினர். பெல்லாவிலிருந்து சென்றோர் 1870இல் அயோவாவின் வடமேற்கில் ஆரஞ்சு சிட்டியை அமைத்தனர். இவ்வூர்களைப் பற்றிய எண்ணம் பிறநாட்டார் பலருக்குத் திரை வழியாகவே கிட்டுகிறது. காற்றாலை, மரக்காலணி, டியூலிப் மலர், ஞாயிறு தவறாத வழிபாடு, சிரிப்பறியாத முகங்கள் ஆகியன அவ்வெண்ணத்தின் கூறுகள். இவை யாவும் மூதாதையர் கப்பலில் கொண்டுவந்த பழஞ்சொத்து என்று பார்வையாளர் கொள்வது இயல்பு. மொழி வரலாறு கூறுவது வேறு. இவற்றுட் சில, டச்சு மொழி விலகிய இடத்தில் பின்னர் வந்து அமர்ந்தவை. இதனை அறியாது இத்தகைய படங்களுக்குத் தமிழில் துணைத்தலைப்பு எழுதுவோர் பிழைபட நேரும்.

குடியேறியோர் பேசியது ஒரே டச்சு அன்று. ஹாலந்து நகரைச் சுற்றியுள்ள சீலந்து, ஃப்ரீஸ்லந்து, ட்ரெந்தே, ஓவரிசல் முதலிய ஊர்ப்பெயர்களே இதற்குச் சான்று. ஒவ்வொன்றும் தாயகத்தின் ஒரு வட்டாரத்தையும் அதன் கிளைமொழியையும் சுட்டுகிறது. கிராஃப்ஸ்காப் என்னும் ஊரின் முதற்குடிகளோ ஜெர்மனியின் பெந்தைம் பகுதியிலிருந்து வந்தவர்கள். இந்த மொழிப்பன்மை இரண்டு தலைமுறைக்கு மேல் நீடித்தது. முதல் உலகப்போர்க் காலத்தில், 1918 மே மாதம், அயோவா ஆளுநர் வில்லியம் ஹார்டிங் ஓர் ஆணை பிறப்பித்தார். பள்ளி, பொது இடம், இரயில், தொலைபேசி, பொதுச் சொற்பொழிவு, வழிபாடு என எங்கும் ஆங்கிலமே வழங்க வேண்டும் என்பது அவ்வாணை. ஜெர்மன் மொழிமீது எழுந்த ஐயத்தின் விளைவு அது. எனினும் டச்சு, நார்வீஜியம், செக் ஆகியவற்றையும் அது விட்டுவைக்கவில்லை. மொழி தளர்ந்ததற்கு அவ்வாணை ஒன்றே காரணம் அன்று. பள்ளிக்கல்வியும் மணவுறவும் அதே திசையில் இயங்கின.

ஹாலந்து நகரில் டியூலிப் விழா தொடங்கிய ஆண்டு 1929. பெல்லாவில் 1935; ஆரஞ்சு சிட்டியில் 1936. விழா நாளில் மரக்காலணி அணிந்து தெருவைத் துடைப்பத்தால் தேய்த்துக் கழுவுவோர், வீட்டில் ஆங்கிலம் பேசுவோராக மாறிக்கொண்டிருந்த காலம் அது. ஹாலந்து நகரின் ‘தெ ஸ்வான்’ காற்றாலை நெதர்லாந்திலிருந்து பெயர்த்துக் கொணரப்பட்டதும் 1960களிலேதான். ஆகவே, இவ்வூர்களை ஒரே அச்சில் வார்த்தமைக்குத் திரையுலகை மட்டும் குறைகூறுதல் நேர்மையாகாது. அச்சைச் செய்தளித்தவர்களுள் ஊராரும் அடங்குவர்.

மற்றொரு படிமம், இறுகிய சமயவாழ்வு. இவ்வூர்களில் வேரூன்றிய கிறித்தவச் சீர்திருத்தச் சபை, நாடக, திரையரங்குகளுக்குச் செல்வதையும், நடனத்தையும், சீட்டாட்டத்தையும் எதிர்த்து 1928இல் எச்சரித்தது. திரைக்கலை பற்றிய அதன் நிலை 1966இல்தான் நெகிழ்ந்தது. படம் பார்க்காத மக்களைப் பற்றிய படம் அரிதாக இருந்ததில் வியப்பில்லை. அம்மரபில் பிறந்து, பதின்பருவத்தின் பிற்பகுதி வரை படமே பாராது வளர்ந்த பால் ஷ்ரேடர் 1979இல் இயக்கிய ‘ஹார்ட்கோர்’ இவ்வகையில் தனித்து நிற்கிறது. களம் கிராண்ட் ராப்பிட்ஸ். அது சிற்றூர் அன்று, ஆனால் படம் அதனைச் சிற்றூராகவே நடத்துகிறது. மரச்சாமான் தொழில் நடத்தும் ஜேக் வேன்டோர்ன், காணாமற்போன மகளைத் தேடிக் கலிபோர்னியா செல்கிறார். வழியில், தம் நம்பிக்கை யாது என்று வினவும் இளம்பெண்ணிடம் அவர் டியூலிப் என்று தொடங்குகிறார். மலரை அவர் சொல்லவில்லை. 1618-19இல் கூடிய டோர்ட் மாமன்றத்தின் கோட்பாட்டை ஐந்து தலைப்புகளாக்கி, ஆங்கில முதலெழுத்துகளைக் கோத்த நினைவுச்சொல் அது.

மொழிபெயர்ப்பாளருக்கு இக்காட்சி ஒரு சோதனை. இரண்டாம் தலைப்பை ‘நிபந்தனையற்ற தேர்தல்’ என்று எழுதினால் தமிழ்ப் பார்வையாளர் வாக்குச்சாவடியை நினைப்பர். தமிழ் விவிலிய வழக்கில் அது ‘தெரிந்துகொள்ளுதல்’. ஐந்தாவதில் வருவோர் ‘புனிதர்’ அல்லர், ‘பரிசுத்தவான்கள்’. முன்னது கத்தோலிக்க வழக்கு, இப்பாத்திரத்தின் வாயில் பொருந்தாது. ‘கிருபை’க்கு மாற்றாக ‘அருள்’ இடுவதிலும் இதே இடர்ப்பாடு உண்டு. தமிழில் ஐந்து முதலெழுத்துகள் மலராகா. அதைவிடக் கருதத்தக்கது, டச்சு மொழியிலும் அவை மலராகா என்பது. ஒல்லாந்தின் அடையாளமாகத் தோன்றும் இந்நினைவுச்சொல் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலத்தில் பரவியது. எனவே டி, யூ, எல், ஐ, பி என்னும் எழுத்துப் பெயர்களை அவ்வாறே நிறுத்தி, தலைப்புகளைச் சபை வழக்கில் தருவதே தக்கது. தமிழ்ப் பூவொன்றைத் தேடிப் புனைவது, சொல்வோனின் மொழி ஆங்கிலம் என்பதை மறைத்துவிடும்.

குடும்பப்பெயர்களிலும் இக்கருத்து பொருந்தும். டச்சில் ‘ஃபான்’ என்பதற்கு நெருங்கி ஒலிக்கும் முன்னொட்டு அமெரிக்க வாயில் ‘வேன்’ ஆகி, பெயரோடு ஒட்டியும் எழுதப்படுகிறது. தமிழில் அது ஊர்தியை நினைவூட்டினும், தாயக ஒலிப்பைத் திரும்பக் கொணர்வது மிகைத்திருத்தம். 1966இல் நெதர்லாந்துக் கிளைமொழி ஆய்வாளர் யோ தான் அமெரிக்காவில் டச்சு பேசுவோரை ஒலிப்பதிவு செய்தார். 1987இல் வெளிவந்த அவரது நூலின் தலைப்பிலேயே ‘வேலை மிகுதியாக உள்ள’ என்னும் பொருளில் ‘பிஸ்ஸி’ இடம்பெறுகிறது. ஆங்கிலச் சொல் டச்சு ஒலியில்! பெல்லாவில் எஞ்சிய டச்சு வழக்கைப் பிலிப் வெபர் 1988இல் நூலாக்கினார். இத்தகைய கலப்புப் பேச்சைத் திரையில் கேட்பது அரிது. திரையில் நடுமேற்குச் சிற்றூரார் பேச்சு என்றவுடன் நினைவுக்கு வருவது, ‘ஃபார்கோ’ (1996) படத்தில் ஒலித்த ஸ்காண்டிநேவியச் சாயலுடைய மின்னசோட்டாப் பேச்சு. பெல்லாவுக்கு அது உரியதன்று.

இன்னொரு குழப்பம் ‘டச்சு’ என்னும் சொல்லிலேயே உள்ளது. ஓஹையோ, இந்தியானா, அயோவா ஆகிய நடுமேற்கு மாநிலங்களிலும் பெருகி வாழும் ஆமிஷ் மக்களின் பேச்சு ‘பென்சில்வேனியா டச்சு’ எனப்படினும், அது ஜெர்மன் கிளைமொழியே. ‘டாய்ச்’ என்னும் ஜெர்மன் பெயரும் ‘டச்சு’ம் ஒரே வேரின. பீட்டர் வியர் இயக்கிய ‘விட்னஸ்’ (1985) போன்ற படங்களால் ஆமிஷ் வண்டியும் தொப்பியும் பெல்லாவின் காற்றாலையோடு சேர்த்து நினைக்கப்படுகின்றன. தமிழில் இதற்கு நல்வாய்ப்பாக இரு சொற்கள் உண்டு. பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் இலங்கையிலும் வணிகமும் ஆட்சியும் நடத்தியோரைக் குறிக்க வழங்கிய ‘ஒல்லாந்தர்’ என்பதை ஹாலந்து, பெல்லா ஊராரின் மூதாதையருக்கே ஒதுக்கலாம். ஆமிஷ் மக்களை அச்சொல்லால் சுட்டுவது பிழை. அவர்தம் பேச்சைப் ‘பென்சில்வேனிய ஜெர்மன்’ எனலாம். அவர்கள் தம் சமூகத்துக்குப் புறத்தே உள்ள அமெரிக்கர் அனைவரையும் ஆங்கில மொழியின் பெயராலேயே அழைப்பர். அதனை ‘ஆங்கிலேயர்’ என்று பெயர்த்தால் பார்வையாளர் பிரித்தானியரைத் தேடுவர். ‘வெளியார்’ என்பது அவ்விடத்துக்குப் போதும்.