புகலிடம் கோர ஒரு படிவம்கூட இல்லை

இந்தியாவில் அகதியாகப் புகலிடம் கோர எங்கே விண்ணப்பிக்க வேண்டும்? மந்தைவெளியில் நாங்கள் சில வழக்கறிஞர்கள் சேர்ந்து நடத்தும் அறைக்கு வருகிற முகாம் மாணவர்களும், அவர்களை அழைத்துவரும் தோழர்களும் பெரும்பாலும் இந்தக் கேள்வியோடுதான் வருகிறார்கள். கனடாவுக்கும் பிரான்சுக்கும் சென்ற உறவினர்கள் படிவம் நிரப்பியதையும், நேர்காணலுக்குப் போனதையும், மறுக்கப்பட்டபோது மேல்முறையீடு செய்ததையும் கேட்டு வளர்ந்தவர்கள் இங்கும் அப்படி ஒரு வாசல் இருக்கும் என்று எண்ணுவது இயல்பு. அப்படி ஒரு வாசல் இங்கே இல்லை.

1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையிலும் அதன் 1967ஆம் ஆண்டு நெறிமுறையிலும் இந்தியா கையொப்பமிடவில்லை. அகதி யார் என்று வரையறுக்கும் உள்நாட்டுச் சட்டமும் கிடையாது. ஆகவே, துன்புறுத்தலுக்கு அஞ்சி ஓடிவந்தேன் என்று ஒருவர் மெய்ப்பிப்பதற்கான அதிகாரியோ தீர்ப்பாயமோ இல்லை. மியான்மர், ஆப்கானிஸ்தான் நாடுகளிலிருந்து வருவோரை டெல்லியிலுள்ள ஐ.நா. அகதிகள் ஆணையம் விசாரித்து அட்டை வழங்குகிறது. ஈழத்திலிருந்து வந்தோரை அது விசாரிப்பதில்லை. அவர்களைப் பதிவு செய்வது அரசு. பதிவு என்பது உரிமையை ஏற்பதல்ல, இருப்பைக் கணக்கில் வைப்பது மட்டுமே. இந்த வேறுபாடு புரிந்தால்தான் நாற்பது ஆண்டுகளாக முகாமில் வாழ்பவர் ஏன் இன்னும் அயல்நாட்டவராகவே இருக்கிறார் என்பது விளங்கும்.

1983 ஜூலை வன்முறைக்குப் பின் படகேறி வந்தவர்கள் மண்டபத்தில் பதியப்பட்டு, தமிழ்நாடெங்கும் முகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள். இன்று நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் ஏறத்தாழ 58,000 பேர் வாழ்கிறார்கள். காவல் நிலையத்தில் பதிந்துகொண்டு வெளியே வாழ்வோர் ஏறத்தாழ 34,000 பேர். 2021இல் தமிழ்நாடு அரசு முகாம்களுக்கு ‘மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் மாற்றியது. புதிய வீடுகளும் கட்டித் தருகிறது. பணக்கொடையும் உயர்ந்தது. இவற்றை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் கியூ பிரிவின் கண்காணிப்பும், ஆள் கணக்கெடுக்கும் ‘செக்கிங்’ நாளும் பெயர் மாற்றத்தால் மறைந்துவிடவில்லை.

முகாமைவிட்டு வெளியே வாழ்வதற்குப் பணம் மட்டும் போதாது, வாடகை வீடு வேண்டும். மந்தைவெளி, மயிலாப்பூர்த் தெருக்களில் வீடு தேடிய எவருக்கும் ‘சைவர்களுக்கு மட்டும்’ என்ற பலகையின் பொருள் தெரியும். சாதியைக் கேட்கும் வீட்டுக்காரரிடம், காவல் நிலையப் பதிவுக்கு உங்கள் முகவரி வேண்டும் என்றும் ஓர் அகதி கேட்டாக வேண்டும். முகாமுக்குள்ளேயே தங்கிவிட்டவர்கள் யார், சென்னையிலோ டொராண்டோவிலோ காலூன்றியவர்கள் யார் என்று பார்த்தால், இடைவெளி வசதியோடு மட்டும் நிற்காது, சாதியிலும் தெரியும். விமானச் சீட்டுக்கும் முகவருக்கும் கொடுக்க நிலமோ நகையோ இருந்தவர்கள் ஒரு கரையை அடைந்தார்கள். எதுவும் இல்லாதவர்கள் மண்டபத்தை அடைந்தார்கள்.

அந்த எதுவும் இல்லாதவர்களில் ஒரு பெரும்பகுதியினர் மலையகத் தமிழர்கள். இந்தக் கட்டுரையின் மையம் அவர்கள்தான். திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம் மாவட்டச் சேரிகளிலிருந்து கங்காணிகளால் காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்ட பள்ளர், பறையர், அருந்ததியர் உள்ளிட்ட மக்களின் வழித்தோன்றல்கள். 1948ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் இவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் இவர்களை எண்ணிக்கையாகப் பிரித்தது: இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர். மீதமிருந்த 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிப்பாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. பங்கிடப்பட்டவர்களை யாரும் கேட்கவில்லை.

இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பித்தவர்கள் தலைமன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்குக் கப்பலில் வந்து ‘தாயகம் திரும்பியோர்’ ஆனார்கள். போர் மூண்டதும் 1984இல் அந்தக் கப்பல் நின்றது. இந்தியக் குடியுரிமை பெற்றவர்களிலும், விண்ணப்பித்துக் காத்திருந்தவர்களிலும் பெருந்தொகையினர் அக்கரையிலேயே சிக்கிக்கொண்டார்கள். இதற்கிடையே 1977, 1983 வன்முறைகளில் தோட்டங்களிலிருந்து துரத்தப்பட்டு வவுனியா, கிளிநொச்சிப் பகுதிகளில் குடியேறியவர்கள், போர் அங்கும் வந்தபோது கள்ளத்தோணியில் கடல் கடந்தார்கள். ஒப்பந்தப்படி கப்பலில் வந்திருந்தால் குடிமக்கள். அதே மனிதர்கள் தோணியில் வந்ததால் அயல்நாட்டவர். எங்கள் பார்வையில் இவர்கள் புகலிடம் கோருவோரே அல்லர், கொடுக்க வேண்டிய குடியுரிமை கொடுக்கப்படாதவர்கள்.

2019 ஜூன் 17 அன்று சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நீதியரசர் ஜி.ஆர். சுவாமிநாதன் வழங்கிய தீர்ப்பு இந்த வாதத்தைக் காதுகொடுத்துக் கேட்டது. இந்திய வம்சாவளியினரான மனுதாரர்களின் குடியுரிமை விண்ணப்பங்களைப் பரிசீலிக்குமாறு அது பணித்தது. ஆனால் அதே ஆண்டு டிசம்பரில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்கதேசம் ஆகிய மூன்று நாடுகளோடு நின்றுகொண்டது. இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை. மதத்தால் துன்புறுத்தப்பட்டோருக்கான சட்டம் என்றார்கள். இனத்தாலும் மொழியாலும் துன்புறுத்தப்பட்டோர் அதில் எங்கும் பொருந்தவில்லை.

தடையாக நிற்கும் சொல் ‘சட்டவிரோதக் குடியேறி’. செல்லத்தக்க கடவுச்சீட்டின்றி நுழைந்த எவரையும் 2003ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் குடியுரிமைச் சட்டம் இப்படி அழைக்கிறது. அப்படி அழைக்கப்படுபவர் எத்தனை ஆண்டு இங்கே வாழ்ந்தாலும் பதிவு மூலமோ இயல்புரிமை மூலமோ குடியுரிமை கோர முடியாது. உயிருக்கு ஓடிவருபவர் கடவுச்சீட்டு அலுவலகத்தில் வரிசையில் நின்றுவிட்டா வருவார்?

2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள குடிவரவு மற்றும் அயல்நாட்டினர் சட்டம் பழைய நான்கு சட்டங்களை நீக்கி ஒன்றாக்கியது. அதிலும் அகதிக்கு வரையறை இல்லை. ஆவணமின்றி நுழைந்தால் 5 ஆண்டு வரை சிறை, 5 இலட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதனோடு ஒன்றிய அரசு வெளியிட்ட விலக்கு ஆணை, 2015 ஜனவரி 9 வரை இங்கே தஞ்சமடைந்து பதிவு செய்துள்ள இலங்கைத் தமிழர்களுக்குக் கடவுச்சீட்டு, விசா நிபந்தனைகளிலிருந்து விலக்கு அளிக்கிறது. அது மைத்திரிபால சிறிசேன அதிபராகப் பதவியேற்ற நாள். செய்தி பரவியதும் குடியுரிமையே கிடைத்துவிட்டது என்று பலர் மகிழ்ந்தார்கள். கிடைத்தது வழக்கிலிருந்தும் தண்டனையிலிருந்தும் காப்பு. குடியுரிமைச் சட்டத்தின் வாசல் இதனால் திறக்கவில்லை. 2022 பொருளாதார நெருக்கடியின்போது தனுஷ்கோடியில் வந்திறங்கியவர்களுக்கு அந்தக் காப்பும் இல்லை.

நீதிமன்றத்தில் நமக்கு எஞ்சியிருப்பது அரசமைப்பின் 14, 21 ஆகிய உறுப்புகள். அவை குடிமக்களுக்கு மட்டும் உரியவை அல்ல, ‘எந்த நபருக்கும்’ உரியவை. 1996இல் சக்மா மக்களை அருணாசலப் பிரதேசத்திலிருந்து விரட்ட முயன்றபோது உச்ச நீதிமன்றம் 21ஆம் உறுப்பைக் கொண்டே அவர்களைக் காத்தது. ஆனால் 19ஆம் உறுப்பு குடிமக்களுக்கு மட்டுமே என்பதால் இங்கே குடியிருக்கும் உரிமையை அகதி கோர முடியாது. 2025 மே மாதம் ஓர் ஈழத் தமிழர் தன்னை நாடு கடத்தக் கூடாதென்று கேட்டபோது, உலகெங்குமுள்ள அகதிகளை ஏற்க இந்தியா தர்மசாலை அல்ல என்று உச்ச நீதிமன்ற அமர்வு வாய்மொழியாகச் சொன்னதும் இதே அடிப்படையில்தான்.

ஒரு படிவம் மட்டும் எப்போதும் இருந்திருக்கிறது: திரும்பிப் போவதற்கான படிவம். 1992இல் ஆயிரக்கணக்கானோர் திருப்பி அனுப்பப்பட்டபோது, அவர்கள் வாசிக்க முடியாத ஆங்கிலத்தில் ஒப்புதல் பெறப்பட்டதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. பழ. நெடுமாறன் தொடுத்த வழக்கு உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது. விருப்பத்தோடுதான் போகிறார்களா என்று ஐ.நா. ஆணையம் சரிபார்க்கும் வழக்கம் அந்நாளில்தான் ஏற்பட்டது. அந்த ஏற்பாடும் முழுக் காப்பல்ல. 2025 மே மாதம் ஆணையத்தின் உதவியோடு பலாலி விமான நிலையத்தில் இறங்கிய முதியவர் ஒருவர், பல்லாண்டுகளுக்கு முன் உரிய ஆவணமின்றி நாட்டைவிட்டு வெளியேறினார் என்பதற்காகக் கைது செய்யப்பட்டார்.

ஆகவே விண்ணப்பம் எழுதித் தாருங்கள் என்று கேட்டு வருவோரிடம் நாங்கள் முதலில் கேட்பது தாத்தா, பாட்டியின் தாள்களை. 1964 ஒப்பந்தத்தின்படி கண்டியிலிருந்த இந்தியத் தூதரக அலுவலகத்தில் கொடுத்த விண்ணப்பத்தின் எண், தோட்டத்துப் பிறப்புப் பதிவு, பெரட்டுப் பதிவேட்டின் நகல், தமிழ்நாட்டில் மூதாதையரின் ஊர்ப்பெயர். பல வீடுகளில் இவை வன்முறையில் எரிந்துவிட்டன. எரியாதவை தகரப்பெட்டியின் அடியில் கிடக்கின்றன, அவற்றின் மதிப்பு தெரியாமலே.

அடுத்து, பிறந்த தேதி. 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பால் இந்தியக் குடிமகன். அதற்குப் பின் 2004 டிசம்பர் 2 வரை பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவர் குடிமகனாக இருக்க வேண்டும். அதன்பின் விதி இன்னும் கடினம்: பெற்றோரில் ஒருவர் ‘சட்டவிரோதக் குடியேறி’ என்றாலே பிள்ளைக்குக் குடியுரிமை இல்லை. 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த பெண்ணொருவர் 2022இல் மதுரைக் கிளையின் ஆணையால் இந்தியக் கடவுச்சீட்டு பெற்றார். 2024 மக்களவைத் தேர்தலில் வாக்களித்தார். அவர் புதிதாக எதையும் கோரவில்லை, முகாமில் பிறந்ததற்கான சான்றிதழைக் காட்டினார். அவரைப் போல 1983க்கும் 1987 ஜூனுக்கும் இடையே முகாம்களில் பிறந்தவர்களுக்கு இப்போது நாற்பது வயதை ஒட்டி இருக்கும். அவர்களில் பலருக்குத் தாங்கள் குடிமக்கள் என்பதே தெரியாது. உங்கள் ஊருக்கு அருகிலுள்ள முகாமில் அப்படிப்பட்டவர்களைக் கண்டறிந்து, மருத்துவமனைப் பதிவையும் பிறப்புச் சான்றிதழையும் எடுக்க உதவுவதற்குச் சட்டப் பட்டம் தேவையில்லை.