பீரங்கி வந்த கப்பலும் வேதம் வந்த வழியும்



கொழும்பு தேசிய நூதனசாலைக்கு எம் பங்கு இளையோரை அழைத்துச் சென்றிருந்தேன். அங்கே லேவ்கே திசாவையின் பீரங்கி எனப்படும் சிறிய பீரங்கி ஒன்று உண்டு. குழல் வெண்கலத்தாலானது, அதன்மேல் பொன்னும் வெள்ளியும் மாணிக்கக் கற்களும் இழைக்கப்பட்டுள்ளன. வடிவம் ஐரோப்பியருடையது, அலங்காரம் கண்டிக் கைவினைஞருடையது. லேவ்கே என்னும் மாகாணத் தலைவன் பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அதைத் தன் அரசனுக்குக் காணிக்கையாக்கினான். 1765ஆம் ஆண்டு ஒல்லாந்தர் கண்டியைக் கொள்ளையிட்டபோது அதுவும் கைமாறிக் கடல் கடந்தது. ஆம்ஸ்டர்டாம் நகரின் நூதனசாலையில் நெடுங்காலம் இருந்துவிட்டு, 2023 டிசம்பரில்தான் வேறு ஐந்து பொருட்களோடு தாயகம் திரும்பியது.

எல்லோரும் கற்களின் பளபளப்பைப் பார்த்துக்கொண்டிருக்க, ஓர் இளைஞன் என்னருகே வந்து மெல்லிய குரலில் கேட்டான்: “சுவாமி, இப்படிப் பீரங்கி வந்த கப்பலிலதானோ எங்கட வேதமும் வந்தது?”

அவன் முல்லைத்தீவுப் பிள்ளை. எறிகணை என்றால் என்னவென்று அவனுக்கு எவரும் விளக்கத் தேவையில்லை. ஆகவே அந்தக் கேள்வியைச் சிரித்து மழுப்ப என்னால் முடியவில்லை. உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் ஒருநாள் இதைக் கேட்கக்கூடும். அன்று அவர்களுக்குச் சொல்ல வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் உண்மையை ஒப்புக்கொள்வோம். ஆம், கப்பல் ஒன்றுதான். யப்பானை எடுத்துக்கொள்ளுங்கள். போர்த்துக்கேயரின் துப்பாக்கி 1543இல் அங்கே சேர்ந்தது. புனித பிரான்சிஸ் சவேரியார் 1549இல் சேர்ந்தார். அந்நாளில் அந்நாடு ஒன்றோடொன்று பொருதும் பல சிற்றரசர்களிடம் சிதறிக் கிடந்தது. அவர்களுக்குக் கப்பல் வேண்டியிருந்தது, வெடிமருந்து வேண்டியிருந்தது. சிலருக்கு மெய்யாகவே கடவுளும் வேண்டியிருந்தார். எது முந்தியது என்று அவர்களின் உள்ளத்தைத் திறந்து பார்க்க நம்மால் இயலாது. ஓமுரா சுமிதாதா 1563இல் திருமுழுக்குப் பெற்று, 1580இல் நாகசாக்கித் துறைமுகத்தை இயேசு சபையாரிடம் ஒப்படைத்தார். அதே 1580இல் நம் தீவில் கோட்டை அரசன் தர்மபாலன், தொன் யுவான் என்னும் திருமுழுக்குப் பெயருடையவன், தன் அரசு முழுவதையும் போர்த்துக்கல் மன்னனுக்கு எழுதிக் கொடுத்தான். ஒரே ஆண்டில், ஒரே கப்பற்பாதையின் இரு முனைகளில், இரண்டு கையெழுத்துக்கள்!

புங்கோ நாட்டுத் தலைவன் ஓத்தோமோ சோரின், சவேரியாரை 1551இல் நேரிற் சந்தித்தவன். போர்த்துக்கேயரிடமிருந்து பெரும் பீரங்கிகளையும் பெற்றவன். 1578இல் பிரான்சிஸ் என்ற பெயரோடு ஞானஸ்நானம் பெற்றான். அதே ஆண்டு அண்டை நாட்டின்மேல் படையெடுத்து, அங்கிருந்த பௌத்த, சிந்தோ ஆலயங்களைத் தீக்கிரையாக்கினான். பின்பு படுதோல்வி அடைந்தான். நல்லூர்க் கோயிலும் திருக்கோணேசுவரமும் போர்த்துக்கேயரால் இடிக்கப்பட்ட வரலாற்றை அறிந்த நம் அயலவர்களிடம், இவற்றையெல்லாம் நாம் மறைத்துப் பேசுவது நேர்மையன்று. 2000ஆம் ஆண்டு யூபிலியில் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர், திருச்சபையின் பிள்ளைகள் உண்மையின் பெயரால் செய்த வன்முறைகளுக்காக வெளிப்படையாகவே இறைவனிடம் மன்னிப்பு வேண்டினார்.

இனி நம் மண்ணுக்கு வருவோம். பனங்காமம், முள்ளியவளை, கரிக்கட்டுமூலை, கருநாவற்பற்று, மேல்பற்று, தென்னமரவாடி எனப் பல பற்றுக்களை ஆண்ட வன்னிபங்களும் கடல்கடந்த தொடர்பில்லாதவர்கள் அல்லர். அவர்கள் திறையாகச் செலுத்தியது யானை. வன்னிக் காட்டில் பிடிபட்ட யானைகள் யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டு, ஊர்காவற்றுறையிலிருந்து கப்பலேறி இந்தியக் கரைகளுக்குப் போயின. ஆனையிறவு என்ற பெயரை நாம் நாள்தோறும் உச்சரிக்கிறோம். அது அந்த வணிகத்தை நினைவூட்டுகிறது என எத்தனை பேர் எண்ணுகிறோம்? திறையைச் செலுத்தியும் செலுத்தாமலும் காலங்கடத்திய வன்னிபங்களை ஒல்லாந்தர் 1782இல் அடக்கினர். பின்பு ஆங்கிலேயர் வந்தனர். பண்டாரவன்னியன் 1803 ஆகஸ்ட் 25இல் முல்லைத்தீவைத் தாக்கிக் கைப்பற்ற, தளபதி வொன் டிறிபேர்க் கடல்வழியே யாழ்ப்பாணத்துக்கு ஓடினான். அவனே அக்டோபர் 31 அதிகாலையில் கற்சிலைமடுவில் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தான். அத்தோல்வியைப் பொறித்த நடுகல்லைக்கூட 2010இல் எவரோ உடைத்துப் போட்டனர்.

இந்த வரலாற்றில் நமக்கு இன்னும் நெருக்கமான காயம் ஒன்று மன்னாரில் இருக்கிறது. சவேரியார் அனுப்பிய குரு ஒருவரிடம் மன்னார்த் தீவில் பலர் திருமுழுக்குப் பெற்றனர். 1544இல் யாழ்ப்பாண மன்னன் சங்கிலியின் வாளுக்கு ஏறக்குறைய அறுநூறு பேர் இரையாயினர். அவர்களை நாம் மறைசாட்சிகளாக நெஞ்சில் தாங்குகிறோம். எனினும் சங்கிலியின் அச்சத்தையும் ஒரு கணம் நினைத்துப் பார்க்க வேண்டும். தன் குடிகள் வேதத்தில் சேர்ந்தால் போர்த்துக்கேயரின் குடிகளாகிவிடுவர் என்று அவன் நடுங்கினான். அவன் செய்தது கொடுமை. அதற்குச் சாட்டு இல்லை. ஆனால் கப்பலில் பீரங்கி இல்லாதிருந்தால் அந்த ஏழைகளின் சிலுவையைக் கண்டு அவன் அவ்வளவு அஞ்சியிருப்பானா?

இந்த இடத்தில் அந்த இளைஞனுக்கு நான் சொன்னது இதுதான்: “தம்பி, வேதம் இரண்டு முறை வந்தது. முதன்முறை பீரங்கியோடு. இரண்டாம் முறை பிச்சைக்காரனாக.”

1658இல் போர்த்துக்கேயர் இங்கிருந்து துரத்தப்பட்டனர். ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருக்களைத் தடை செய்தனர். பீரங்கி கொண்டுவந்த வேதமாயின் பீரங்கியோடு போயிருக்க வேண்டும். போகவில்லை. மாந்தையிலிருந்து இருபது கத்தோலிக்கக் குடும்பங்கள் 1670இல் அன்னையின் சுரூபத்தைச் சுமந்துகொண்டு வன்னிக் காட்டுக்குள் மருதமடுவை அடைந்தன என்பது நம் மரபு. 1687இல் கோவாவிலிருந்து புனித யோசப் வாஸ் அடிகளார் கூலியாள் கோலத்தில் வந்திறங்கினார். அவருக்குப் பின்னால் எந்த மன்னனும் இல்லை, எந்தக் கப்பற்படையும் இல்லை. தமிழும் சிங்களமும் கற்றார். இரவில் வீடு வீடாகப் பூசை வைத்தார். கண்டியில் ஒற்றன் என்று சிறைப்பட்டார். பின்பு அதே அரசனின் நன்மதிப்பைப் பெற்று, 1711இல் அந்நகரிலேயே உயிர்நீத்தார். 2015 ஜனவரி 14இல் திருத்தந்தை பிரான்சிஸ் காலிமுகத்திடலில் அவரைப் புனிதராக அறிவித்துவிட்டு, அன்று மாலையே மடுவுக்கு வந்ததை நம்மில் பலர் கண்ணாரக் கண்டோம்.

யப்பானிலும் இதே வேறுபாடு உண்டு. தலைவர்களுள் தக்காயாமா உக்கோன் என்பவர், 1587இல் வேதத்தை விடும்படி மேலாதிக்கம் கட்டளையிட்டபோது, நாட்டை விட்டார், வேதத்தை விடவில்லை. இறுதியில் நாடுகடத்தப்பட்டு 1615இல் மணிலாவில் இறந்தார். 2017இல் முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தப்பட்டவர் பீரங்கி பெற்ற சோரின் அல்லர். வாளைக் கீழே வைத்த உக்கோன். கெத்சமனியில் இராயப்பரின் வாளை உறையிலிடச் சொன்னவரின் திருச்சபை வேறு எவரை உயர்த்தும்?

திரும்பும் வழியில் மடுவில் இறங்கினோம். 2008 ஏப்ரலில் எறிகணைக்கு அஞ்சி அன்னையின் சுரூபம் தேவன்பிட்டிக்குக் கொண்டுசெல்லப்பட்டு, ஆகஸ்டில் மீண்டு வந்ததைப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். கேள்வி கேட்ட இளைஞன் இரண்டு மெழுகுதிரிகள் வாங்கினான். ஒன்று மன்னார் மறைசாட்சிகளுக்கு என்றான்.

“மற்றது?”

“சங்கிலிக்கு, சுவாமி.”

நான் நெருப்புப் பெட்டியை எடுத்துக் கொடுத்தேன்.