மியூனிக்ல ஒரு நாதஸ்வரம்: எம்பிரியோவோட 'வீ கீப் ஆன்' ஆல்பத்தை எப்படிக் கேக்கறது?

(ஆடியோ எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

இன்னைக்கு ஒரே ஒரு ஆல்பத்தைப் பத்தித்தான் பேசப் போறோம். 1973ல ஜெர்மனியில வெளிவந்தது. பேண்ட் பேரு எம்பிரியோ, ஊரு மியூனிக். ஆல்பம் பேரு 'வீ கீப் ஆன்'. ராக்குக்கும் ஜாஸுக்கும் நடுவுல ஓடுற இசை. யார் யார் என்னென்ன வாசிச்சாங்கங்கற பட்டியலைப் பாத்தீங்கன்னா, சார்லி மரியானோங்கற பேருக்கு நேரா சாக்ஸபோன், புல்லாங்குழல், அதுக்கப்புறம் 'நாகசுரம்'னு இருக்கும்.

ஆமா, நம்ம நாதஸ்வரம்தான். நாகஸ்வரம், நாகசுரம், நாதஸ்வரம், எப்படிச் சொன்னாலும் அதேதான். நான் சங்கரன்கோவில்காரன். கோமதி அம்மன் கோயில் திருவிழாவுல, கல்யாணத்துல, கொடையில கேட்டே வளர்ந்த சத்தம் அது. ஜெர்மன் ராக் ஆல்பங்களா வரிசையா கேட்டுட்டு வந்தப்போ, அந்த ஒரு வார்த்தைதான் என்னை இதுல நிறுத்தி வெச்சுது.

கிரவுட்ராக்னா என்ன?

1960களோட கடைசியில மேற்கு ஜெர்மனி. போர் முடிஞ்ச சமயத்துல பிறந்த பிள்ளைங்களுக்கு இருபது, இருபத்தஞ்சு வயசு. அப்பா தலைமுறை நாஜி ஆட்சியில என்ன பண்ணிட்டிருந்துச்சுங்கற கேள்வி பல வீட்டுக்குள்ளயும் இருக்கு. அந்தத் தலைமுறை ரசிச்ச இனிப்பான ஜெர்மன் பாட்டு இவங்களுக்கு வேண்டாம். அதுக்காக அமெரிக்க ப்ளூஸையும் பிரிட்டிஷ் ராக்கையும் அப்படியே காப்பி அடிக்கவும் மனசில்ல. அப்போ எங்கதான் போறது?

ஆளுக்கு ஒரு பக்கம் போனாங்க. கொலோன்ல 'கேன்', மூனிக்ல 'அமோன் டூல்', பெர்லின்ல 'டேஞ்சரின் டிரீம்', டூசல்டார்ஃப்ல 'நோய்', 'கிராஃப்ட்வெர்க்'. சிலர் எலக்ட்ரானிக் சத்தத்துக்குள்ள போனாங்க. சிலர் ஒரே தாளத்தைப் பத்து நிமிஷம் விடாம ஓட்டினாங்க. இது எல்லாத்துக்கும் சேர்த்து பிரிட்டிஷ் பத்திரிகைகள் வெச்ச பேருதான் கிரவுட்ராக். 'கிரவுட்'ங்கறது ஜெர்மன்காரங்களைக் கிண்டலா சொல்ற வார்த்தை. கிண்டல் மறந்துபோச்சு, பேரு மட்டும் ஒட்டிக்கிச்சு.

எம்பிரியோ இதுல தனி ரகம். 1969ல ஆரம்பிச்சவங்க. நடுநாயகமா இருந்தவர் கிறிஸ்டியன் புர்கார்ட். டிரம்ஸ், வைப்ரஃபோன், மரிம்பா எல்லாம் வாசிப்பார். மத்தவங்க புது மெஷினைத் தேடினா, இவங்க புது ஊரைத் தேடினாங்க. இந்த ஆல்பத்துல கிட்டார் வாசிக்கற ரோமன் புங்கா, சாஸும் வாசிக்கறார். சாஸ்னா நீளமான கழுத்துள்ள துருக்கி தந்தி வாத்தியம். 1961 ஒப்பந்தத்துக்கு அப்புறம் லட்சக்கணக்கான துருக்கித் தொழிலாளர்கள் ஜெர்மனிக்கு வேலைக்கு வந்தாங்க, அவங்க வாத்தியமும் கூடவே வந்துச்சு.

மரியானோ கைக்கு அது எப்படிப் போச்சு?

சார்லி மரியானோ 1923ல பாஸ்டன்ல பிறந்த ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர். சார்லஸ் மிங்கஸ் 1963ல வெளியிட்ட 'தி பிளாக் செயின்ட் அண்ட் தி சின்னர் லேடி'யில வாசிச்சவர். ஜாஸ் கேக்கறவங்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்னு தெரியும். 1960களோட நடுவுல மலேசியாவுக்கு, அங்க வானொலி இசைக்குழுவோட வேலை பண்ணப் போறார். அங்கதான் நாதஸ்வரத்தைக் கத்துக்க ஆரம்பிக்கறார்.

மலேசியாவுல நாதஸ்வரம் எப்படி வந்துச்சு? தோட்ட வேலைக்குப் போன தமிழர்கள் போன இடத்துல கோயில் கட்டினாங்க. கோயில்னா மேளம் வேணும்ல? ஆக, இந்த வாத்தியம் மியூனிக் ஸ்டூடியோவுக்குப் போன பாதையில, கப்பலேறிப் போன நம்ம ஜனங்களும் இருக்காங்க. மரியானோ பின்னாடி தென்னிந்தியாவுக்கே வந்தும் படிச்சார்.

ஒரு சாக்ஸபோன்காரருக்கு இது எவ்வளவு கஷ்டம்னு கொஞ்சம் யோசிங்க. சாக்ஸபோன்ல ஒரே நாணல் பட்டை. ஒவ்வொரு அரை ஸ்வரத்துக்கும் சாவி இருக்கு. நாதஸ்வரத்துல ரெட்டை நாணல், அதுதான் சீவாளி. விரல் வைக்க ஏழே துளை. நடுவுல இருக்கற நுணுக்கமெல்லாம் துளையைப் பாதி மூடறதுலயும், உதட்டு அழுத்தத்துலயும், மூச்சுலயும்தான் வரணும்.

இதே பாதையில எதிர்ப்பக்கமா வந்தவரும் உண்டு. கத்ரி கோபால்நாத். நாதஸ்வரக் கலைஞரோட மகன். மைசூர் அரண்மனை பேண்டுல சாக்ஸபோன் கேட்டு மயங்கி, அதைக் கர்நாடக இசைக்குள்ள கொண்டுவந்தவர். 1994ல வந்த 'டூயட்' படத்து சாக்ஸபோன் அவர் மூச்சுதான்.

சரி, எப்படிக் கேக்கறது?

முதல் தடவை கேக்கறப்போ பல்லவி, சரணம் தேடாதீங்க. பாட்டு வரிகள் அங்கங்க வரும், ஆனா இசை அதை நம்பி நிக்கல. டிரம்ஸும் பேஸும் ஒரு ஓட்டத்தைப் பிடிச்சுக்கும், பிடிச்சா விடாது. அதுக்கு மேல ஒருத்தர் வருவார், வாசிப்பார், ஒதுங்குவார், அடுத்தவர் வருவார். மூல எல்பியில மொத்தம் ஆறு துண்டுதான். 'நோ பிளேஸ் டு கோ' மட்டும் பத்து நிமிஷத்தைத் தாண்டி ஓடும். சோம்பேறித்தனமான ராத்திரிக்கு அதுல ஆரம்பிங்க. பொறுமை கம்மின்னா 'ஃப்ளூட் அண்ட் சாஸ்'. மூங்கில் குழலும் துருக்கித் தந்தியும் பேசிக்கற மாதிரி இருக்கும். 'ஹாக்பிரெட் டான்ஸ்'ல வர்ற ஹாக்பிரெட், குச்சியால தட்டி வாசிக்கற தந்தி வாத்தியம். நம்ம சந்தூருக்கு ஒண்ணுவிட்ட சொந்தம்.

ரெண்டாவது தடவை, நல்ல ஹெட்ஃபோன் போட்டுட்டு மரியானோவை மட்டும் பின்தொடருங்க. எது சாக்ஸபோன், எது நாகசுரம்? நிமிஷக் கணக்கு நான் சொல்ல மாட்டேன், நீங்களே பிடிங்க. ஒரு துப்பு: ரெட்டை நாணல் சத்தத்துக்கு ஒரு கூர்மை உண்டு, வெயில்ல காஞ்ச மாதிரி. வீதியில நாலு தெரு தள்ளி இருக்கறவனுக்கும் கேக்கணும்னு உருவான வாத்தியம் அது. ஸ்டூடியோ மைக் முன்னாடியும் அந்தக் குணம் போகாது.

நையாண்டி மேளம் கேட்ட காதுக்கு

இந்த ஆல்பம் 'கஷ்டமான இசை'ன்னு பேர் வாங்கினது. தென்தமிழ்நாட்டுக் காதுக்கு அப்படி இல்லங்கறதுதான் என் கட்சி. எங்க பக்கம் கரகாட்டத்துக்கு வாசிக்கற நையாண்டி மேளத்தை எடுத்துக்கோங்க. ரெண்டு நாதஸ்வரம், ரெண்டு தவில், பம்பை, தமுக்கு, தாளம். ஒரு சின்ன மெட்டைப் பிடிப்பாங்க. திருப்பித் திருப்பி அதையே வாசிப்பாங்க. தவில் உள்ள பூந்து கணக்கை மாத்தும், பம்பை பதில் சொல்லும், வேகம் கொஞ்சம் கொஞ்சமா ஏறும். பாட்டு எங்க ஆரம்பிச்சுது, எங்க முடியும்னு யாரும் கேக்கறதில்ல. ஓட்டம் நிக்கற வரைக்கும் ஆட்டம். ஜெர்மன் விமர்சகர் பாஷையில சொன்னா, இதுவும் ஒரு 'நீண்ட க்ரூவ்'தான்.

வித்தியாசமும் இருக்கு, மறைக்கக் கூடாது. எம்பிரியோவுல தவில் இல்ல. பின்னாடி ஒத்து இல்ல. காருகுறிச்சி அருணாசலம் வாசிப்பைக் கேட்டுட்டு இங்க வந்தீங்கன்னா, கமகம் மெலிஞ்சு தெரியும். எங்க ஊருக்குப் பக்கத்து கோவில்பட்டியில வாழ்ந்த மேதை அவர். 1962ல வந்த 'கொஞ்சும் சலங்கை'யில ஜானகி அம்மா குரலோட போட்டி போடற நாதஸ்வரம் அவரோடது. மரியானோ அதைச் செய்யப் பாக்கல. ராகத்தை விரிக்கறது அவர் நோக்கமில்ல. தன் ஜாஸ் மூச்சுக்கு இன்னொரு வாசல் தேடினார். அப்படிக் கேட்டாத்தான் ரசிக்க முடியும்.

அப்புறம்?

எம்பிரியோ அதோட நிக்கல. இந்த ஆல்பத்தோட சிடி மறுபதிப்புல 'டிக்கெட் டு இந்தியா'ன்னு ஒரு துண்டு சேர்த்திருக்காங்க. 1978ல நெஜமாவே பஸ்ஸுல கிளம்பி, ஆப்கானிஸ்தான் வழியா தரைமார்க்கமா இந்தியா வந்து சேர்ந்தாங்க. வழியில கிடைச்ச கலைஞர்களோட உக்காந்து வாசிச்சாங்க. 1979ல வந்த 'எம்பிரியோஸ் ரைஸ' ஆல்பம் அந்தப் பயணம்தான். மரியானோ 1983ல பெங்களூர் கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்கஷன் குழுவோட, ஆர்.ஏ.ரமாமணி பாட, டி.ஏ.எஸ்.மணி மிருதங்கம் வாசிக்க, 'ஜோதி'ன்னு ஒரு ஆல்பம் பண்ணார். அடுத்து என்ன கேக்கறதுன்னா, அதைக் கேளுங்க. மரியானோ 2009ல, புர்கார்ட் 2018ல காலமானாங்க. இப்போ எம்பிரியோவை நடத்தறது புர்கார்டோட மக மார்யா.

இனி என் மனசுல இருக்கறதைச் சொல்லிடறேன். இந்த ஆல்பத்தை நண்பர்களுக்கு அனுப்பினா, 'செமடா, நாதஸ்வரம் இவ்வளவு கூலா இருக்குமா'ன்னு பதில் வருது. சந்தோஷம்தான். ஆனா அதே நண்பர்கள் வீட்டுக் கல்யாணத்துல வாத்தியார் வாசிச்சிட்டிருக்கறப்போ யாரும் அந்தப் பக்கம் திரும்பறதுகூட இல்ல. தாலி கட்டற நேரத்துக்குக் கெட்டிமேளம், அவ்வளவுதான் அவங்களுக்குக் குடுத்திருக்கற வேலை. ஊர்வலத்துக்குச் செண்டை மேளம், ராத்திரிக்கு டிஜே. நையாண்டி மேளக் குழுவுக்கு முழு வருஷமும் வேலை கிடையாது. கொடையும் திருவிழாவும் வர்ற சில மாசத்துலதான் சம்பாதிச்சாகணும்.

வெளிநாட்டு ஆல்பத்துக்குப் பத்து நிமிஷம் பொறுமையா காது குடுக்க நமக்குத் தெரியுது. அந்தப் பொறுமையை அப்படியே நம்ம தெருவுக்கு எடுத்துட்டு வரலாம். 'வீ கீப் ஆன்' கேளுங்க, ரெண்டு தடவை கேளுங்க. அப்புறம் ஆடித்தபசுக்கு சங்கரன்கோவில் வாங்க. சிவனும் பெருமாளும் ஒரே உடம்பா நிக்கற ஊரு இது, ரெண்டு விஷயத்தை ஒண்ணா ரசிக்கறது எங்களுக்குப் பழக்கம்தான். கூட்டத்துல முண்டியடிச்சு சாமி பாத்துட்டு ஓடாம, மேளக்காரங்க பக்கத்துல ஒரு பத்து நிமிஷம் நில்லுங்க. பிடிச்சிருந்தா அவங்க போன் நம்பர் வாங்கிக்கோங்க. உங்க வீட்டு அடுத்த விசேஷத்துக்குக் கூப்பிடுங்க. கூப்பிட்டா, முழுசா வாசிக்க விடுங்க.